பல்லக்குக்கு அடியில் படுத்தவர்கள்

இரவில் நடந்தது என்றால் உங்களுக்கு நம்புவது சுலபம். எனக்கும் சொல்வது சுலபம். இருட்டில் கண் ஏமாந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் இது நடந்தது மாலை நாலு பதினொன்றுக்கு. வெயில் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. என்னோடு இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றபடி எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

என்னைத் தியாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பத்தாறு. தைவானின் மேற்குக் கரையில் சிப்பி வளர்க்கும் ஊர் எங்களுடையது. மீன் சந்தைகளில் ஐஸ் அறை ரிப்பேர் செய்வது என் தொழில். பதினாலு வருடமாக எங்கள் ஊர் மாட்சு அம்மனின் பல்லக்கைச் சுமக்கிறேன். மூன்றாம் மாதம் அம்மனின் பிறந்தநாள் திருவிழா. அதையொட்டி அம்மனைப் பல்லக்கில் ஏற்றித் தெற்கே தாய்க்கோயிலுக்கு நடந்தே கூட்டிப்போய்த் திரும்பவும் கூட்டிவருவோம். மொத்தம் ஒன்பது நாள் நடை.

இது ஆறாம் நாள்.

ஆறாம் நாளில் பக்தியெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இடுப்புக்குக் கீழே இருப்பது கால் என்றே தெரியாது. தோளில் பல்லக்குத் தண்டு அழுத்திய இடம் மரத்து, பிறகு எரிந்து, பிறகு மறுபடி மரத்துப்போயிருக்கும். சாப்பிடுவோம், சுமப்போம், பள்ளிக்கூட வராந்தாவில் அட்டையை விரித்துப் படுப்போம். மூன்று மணி நேரத் தூக்கம். எழுந்தால் மறுபடி தண்டு.

அந்த வருடம் எனக்கு எதிர்ப்பக்கத் தண்டைச் சுமந்தவன் குன். என் மனைவியின் தம்பி. முப்பத்தொரு வயது. பன்னிரண்டு வருடமாகக் கோயில் பக்கமே வராதவன். காரணம் ஊருக்கே தெரியும். அவன் அப்பா, அதாவது என் மாமனார், ஐந்து ஆட்களோடு கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கல்லறையில் அவருடைய துணிகளைத்தான் வைத்து மூடினோம். கடலில் போகிறவர்களைக் காப்பதற்கென்றே இருக்கிற அம்மன், அவன் அப்பாவை மட்டும் விட்டுவிட்டாள் என்று அவனுக்குக் கோபம்.

அந்த வருடம் புத்தாண்டு முடிந்த கையோடு என் மாமியாரும் இறந்துபோனார். துணி புதைத்த குழிக்குப் பக்கத்தில் அவரைப் புதைத்தோம். அன்று மாலை குன் என்னிடம் வந்து, "அத்தான், இந்த வருஷம் பல்லக்குக்கு ஆள் பத்தலன்னா என்னையும் சேத்துக்குங்க," என்றான்.

"திடீர்னு என்னடா பக்தி?"

"பக்தி இல்ல. ஒரு தடவ நேர்ல கேக்கணும். அப்பாவத் தருவியா மாட்டியான்னு."

அவ்வளவுதான் பேச்சு. சேர்த்துக்கொண்டேன்.

அன்று நாலு மணிக்கு ஒரு நாற்சந்தியில் பச்சைப்பயறுக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த பக்தர்கள் முந்நூறு பேரும் அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். பல்லக்கு எங்கள் தோளில் இருந்தது. எங்களுக்கும் இறக்க ஆசைதான். ஆனால் பல்லக்கு லேசாகக் குலுங்கியது. முன்னே, பின்னே, மறுபடி முன்னே. பிறகு இடதுபுறம் இழுத்தது.

பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கு இது புதிதில்லை. போகும் வழியை அம்மன்தான் தீர்மானிப்பாள். தோளில் அந்த இழுப்பு தெரியும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும்.

கொடி பிடித்து முன்னால் நடப்பவர் லியோங் அண்ணன். அறுபது வயது. எங்கள் குழுவுக்குத் தலைவர். திரும்பிப் பார்த்தார்.

"கடலுக்கா?"

"இழுக்குறாண்ணே," என்றேன்.

"சரி வாங்க. கஞ்சி ஓடிப்போயிடாது. டேய் குன், அம்மாவத் தூக்குறவன் சிரிச்ச முகமா வரணும்டா. மாமியாரத் தூக்குற மாதிரி வர்ற."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை.

கடல்சுவரை ஒட்டி ஒரு சாலை வடக்கே போகிறது. நீளம் அறுநூறு மீட்டர் இருக்கும். இடதுபக்கம் ஆள் உயரச் சுவர். வலதுபக்கம் சவுக்குத் தோப்பு. சாலை முடிகிற இடத்தில் மதகுப் பாலம். எங்களுக்கு அடுத்த முறைக்காரர்கள் வேனில் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பாலத்தில் நிற்பதாக ஏற்பாடு. பத்து நிமிட நடை. தண்டை அவர்கள் தோளில் மாற்றிவிட்டு நான் படுத்துவிடலாம். என் மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

சாலை காலியாக இருந்தது. திரும்பும்போது நான் நன்றாகப் பார்த்தேன். பாலம் வரைக்கும் ஒரு நாய்கூட இல்லை.

வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். கைக்கடிகாரம் கண்ணில் பட்டது. 4:11.

கையை இறக்கியபோது சாலையில் ஆட்கள் படுத்திருந்தார்கள்.

இதிலும் முதலில் எனக்கு அதிசயம் தெரியவில்லை. பல்லக்கு வரும் வழியில் ஜனங்கள் வரிசையாகக் குப்புறப் படுப்பது வழக்கம். பல்லக்கு மேலே கடந்து போனால் பீடை போகும், நோய் தீரும். தண்டுகள் இரண்டு. இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர், அந்தப் பக்கம் குன்னோடு நாலு பேர். நடுவில் முதுகுகள் நகர்ந்து போகும். ஆறு நாளில் ஆயிரக்கணக்கான முதுகுகளைப் பார்த்திருந்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் அவசரமாக வந்து படுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஆள் எங்களுக்கு நடுவில் வந்தார்.

கால்கள் முதலில் வந்தன.

அது தப்பு. வழக்கமாகத் தலை பல்லக்கைப் பார்த்து இருக்கும். அம்மன் வருகிற திசைக்குக் காலை நீட்டி யாரும் படுக்க மாட்டார்கள். இவர்கள் எல்லோரும் எங்களுக்குக் காலைக் காட்டிக்கொண்டு, நாங்கள் போகிற திசையில் தலைவைத்துப் படுத்திருந்தார்கள். செருப்பில்லாத கால்கள். உள்ளங்கால் வெளுத்து, சுருங்கி, நெடுநேரம் தண்ணீரில் ஊறிய மாதிரி இருந்தது.

சட்டைகள் நனைந்திருந்தன. நாலு நாளாக மழை இல்லை.

நான் எண்ண ஆரம்பித்தேன். களைப்பில் கண் சொருகாமல் இருக்க அது என் பழக்கம். ஐந்து. ஆறு. ஏழு...

பன்னிரண்டாவது ஆளில் இன்னொன்று தெரிந்தது. சத்தமே இல்லை. படுத்திருப்பவர்கள் வாய்க்குள் வேண்டுதலை முணுமுணுப்பார்கள். பல்லக்கு கடந்ததும் எழுந்து, அழுதுகொண்டோ சிரித்துக்கொண்டோ ஓடிவந்து கும்பிடுவார்கள். இங்கே எங்களுக்குப் பின்னால் யாரும் எழுந்த சத்தம் கேட்கவில்லை.

சவுக்குத் தோப்பைப் பார்த்தேன். மரங்கள் ஆடின. ஓசை வரவில்லை.

பல்லக்கின் நாலு மூலையிலும் வெண்கல மணிகள் உண்டு. அவை ஆடுவது கடைக்கண்ணில் தெரிந்தது. அவற்றிலிருந்தும் ஓசை வரவில்லை.

இருபத்தைந்து. இருபத்தாறு...

அப்புறம் அந்த நாற்றம். எனக்கு அது பழக்கமான நாற்றம். மின்சாரம் போய் மூன்று நாள் மூடிக்கிடந்த ஐஸ் அறையைத் திறந்தால் வருவது. அதோடு டீசல்.

முன்னால் லியோங் அண்ணன் கொடியோடு போய்க்கொண்டிருந்தார். நேராக. கழுத்துகூட அசையவில்லை. அவரைக் கூப்பிட நினைத்தேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

தோள் வலிக்கவில்லை.

ஆறு நாள் வலி. ஒரு நொடியில் இல்லை. முழங்கால் வலியும் இல்லை. பல்லக்குக்குக் கனமே இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த வலி போனதுதான் எனக்கு முதல் பயம்.

நாற்பது... நாற்பத்தொன்று...

அறுநூறு மீட்டர்ச் சாலை. பாலம் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. பக்கத்தில் வரவில்லை.

"அத்தான்."

குன். குரல் மிக மெதுவாக வந்தது.

"என்ன?"

"கீழ பாக்குறீங்கதானே?"

"பாக்குறேன். நேரா நட."

"எந்திரிக்கவே மாட்டேங்குறாங்க."

"தெரியும். நேரா நட."

அறுபது. அறுபத்தொன்று. அறுபத்து மூன்றில் எண்ணிக்கை தவறியது. ஏனென்றால் குன் நடையை மாற்றினான். தண்டு தட்டியது.

"அந்த நீலச் சட்டை..." என்றான்.

எங்களுக்கு நாலு ஆள் முன்னால். நீலச் சட்டை. பெரிய உடம்பு. இடது தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. வலை இழுக்கும் சக்கரத்தில் மாட்டி ஒடிந்து, சரியாகக் கூடாமல் போன தோள். என் கல்யாணத்தில் அந்தத் தோளுக்கென்று தனியாகக் கோட்டுத் தைக்கக் கொடுத்தோம்.

"எங்கப்பா முதுகு அது."

"இல்ல."

"எனக்குத் தெரியாதா அத்தான்?"

எனக்கும் தெரிந்தது.

மூன்று ஆள்.

இரண்டு.

அந்தக் கால்கள் எங்களுக்கு நடுவில் வந்தன. பிறகு இடுப்பு. பிறகு அந்த முதுகு.

மற்றவர்களின் கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. இவருடைய வலதுகை மட்டும் நகர்ந்தது. தாரில் உரசிக்கொண்டு... மெதுவாக... குன் பக்கம். உள்ளங்கை மேலே திரும்பியது. விரிந்தது.

முகம் தாரில்தான் பதிந்திருந்தது. தூக்கவில்லை.

"குன்..."

தரைக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. அத்தனை நேரத்தில் அங்கே கேட்ட ஒரே ஓசை.

குன் தண்டிலிருந்து கையை எடுத்தான். குனிந்தான். பல்லக்கு அவன் பக்கம் சாய்ந்தது.

நான் யோசிக்கவில்லை. நடுவில் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தொடாத."

"ஒரே ஒரு தடவ."

"தொடாதடா."

"கைய நீட்டிக் கூப்புடுறாரு அத்தான். பன்னெண்டு வருஷம்..."

"நடடா."

இழுத்தான். நான் விடவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரல்கள் மூடின. ஒவ்வொன்றாக.

முதுகு பின்னால் போனது.

அதற்குப் பிறகு ஒரு ஐந்து பேர்.

அப்புறம் வெறும் தார்.

டண்... டண்... டண்...

மணி ஓசை. சவுக்கின் இரைச்சல். என் தோளில் தீயை வைத்த மாதிரி வலி திரும்பி வந்தது. இடறி விழப் பார்த்தேன். கடிகாரம் 4:37 காட்டியது.

பாலம் எங்கள் முன்னால் பத்தடியில் இருந்தது.

அடுத்த முறைக்காரர்கள் ஓடிவந்து தண்டை வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் பின் என்பவன் என்னைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

"என்னண்ணே ஆச்சு? ஏன் அங்கயே நின்னுட்டீங்க?"

"எங்க?"

"அதோ, அந்தத் திருப்பத்துல. அரை மணி நேரமா. கத்தினோம், விசில் அடிச்சோம். ஒருத்தரும் திரும்பல. அம்மாதான் நிறுத்தி வச்சிருக்கா, பக்கத்துல போகாதீங்கன்னு இவனுக சொன்னாங்க. அப்புறம் பார்த்தா, திடீர்னு பக்கத்துல வந்து நிக்கிறீங்க."

"படுத்திருந்தவங்க எங்க?"

"யாரு படுத்திருந்தாங்க?"

அவன் விளையாடவில்லை. சாலையைத் திரும்பிப் பார்த்தேன். வெயில். தார் காய்ந்துகிடந்தது. ஒரு ஈரத் தடம்கூட இல்லை.

எங்களோடு சுமந்த மற்ற ஆறு பேரையும் கேட்டேன். நாலு பேருக்கு எதுவும் ஞாபகமில்லை. தூக்கக் கலக்கம் என்றார்கள். ஒருவன், "நான் கீழ பாக்கல," என்றான். இன்னொருவன் எழுந்து போய்விட்டான். லியோங் அண்ணன் கொடியைச் சுருட்டிக்கொண்டே, "திரும்பக் கூடாதுன்னு தோணுச்சு, திரும்பல. என்கிட்ட இதப் பத்திப் பேசாத," என்றார். இன்றுவரை பேசவில்லை.

குன் மட்டும் பாலத்தின் ஓரமாக உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பிடித்த இடம் கன்றிப்போயிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"விட்டிருக்கலாம் நீங்க," என்றான்.

மீதி மூன்று நாளும் அவன் என்னோடு பேசவில்லை. ஆனால் சுமந்தான்.

அன்று மாலை ஆறு இருபதுக்கு என் மனைவி போன் செய்தாள். பல்லக்கில் ஒரு ஜி.பி.எஸ். கருவி வைத்திருப்பார்கள். அம்மன் எங்கே போகிறாள் என்று வீட்டில் இருப்பவர்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

"சாயங்காலம் என்ன, கடல்ல நடந்தீங்களா? புள்ளி தண்ணிக்குள்ள போய் நின்னுச்சு. பக்கத்து வீட்ல எல்லாம் கேட்டுட்டு இருக்காங்க."

கருவியைக் கவனிக்கிற ஆளிடம் போனேன். கோளாறு என்றார். பதிவைக் காட்டச் சொன்னேன். 4:11க்குப் புள்ளி கரையைத் தாண்டுகிறது. நேர் மேற்கே. மனிதன் நடக்கிற வேகமில்லை, படகு ஓடும் வேகம். 4:20க்கு ஐந்தரை கிலோமீட்டர் தூரத்தில் நிற்கிறது. ஏழு நிமிடம். பிறகு அதே வழியில் திரும்பி 4:37க்குப் பாலத்துக்கு வருகிறது.

"கோளாறுன்னா அங்கங்க தாவும்ல?" என்றேன்.

அவர் திரையை அணைத்தார். "நீங்க போய்ப் படுங்க," என்றார்.

புள்ளி நின்ற இடத்தின் எண்களைக் குன் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். திருவிழா முடிந்த பத்தாம் நாள், சிநேகிதன் ஒருவனின் படகில் அந்த இடத்துக்குப் போனான். மீன் கூட்டம் பார்க்கிற கருவியில், இருபத்திரண்டு மீட்டர் ஆழத்தில், மணலில் பாதி புதைந்து ஏதோ ஒன்று. கடலோரக் காவல் படைக்குச் சொன்னோம். ஐந்தாம் மாதம் ஆட்கள் இறங்கினார்கள். பதிவு எண் தேய்ந்திருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

மாமனாரின் படகுதான்.

என்ஜின் அறைக்குள் மணலில் எலும்புகள் இருந்தன. குன்னின் இரத்தத்தையும் மற்ற குடும்பத்தாரின் இரத்தத்தையும் எடுத்துப்போனார்கள். அவன் கல்லறையைத் திறக்க நாள் பார்த்து வைத்தான். அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பாவை வைக்கப்போகிறேன் என்று என் வீட்டுக்கு வந்து சொன்னான். பாலத்துக்குப் பிறகு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

பரிசோதனை முடிவு ஒன்பதாம் மாதம் வந்தது. ஐந்து பேரின் எலும்புகள். ஐந்து குடும்பங்களின் பெயர்கள். குன்னின் அப்பா அதில் இல்லை.

அவன் அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தான்.

"அப்ப அங்க படுத்திருந்தது யாரு அத்தான்?"

"தெரியல."

"நான் தொட்டிருந்தா?"

"தெரியலடா."

அவன் பார்த்து வைத்த நாளில் அந்த ஐந்து பேருக்கும் ஊரே சேர்ந்து காரியம் செய்தது. காவல் படையிலிருந்து, படகுக்குள் இறங்கிய முக்குளிப்பவரும் வந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் சாப்பிடாமல் கிண்ணத்தையே கிளறிக்கொண்டிருந்தார். குன் பாத்திரம் எடுக்க உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"அந்தப் படகு ஓட்டினவரு உங்க மாமனாரா?"

"ஆமா."

"அவருக்கும் ஆளுங்களுக்கும் ஏதாவது சண்டையா?"

"ஏன் கேக்குறீங்க?"

"இல்ல... அஞ்சு பேரும் என்ஜின் ரூமுக்குள்ள இருந்தாங்க. கதவத் திறக்க முடியல. அறுத்துத்தான் திறந்தேன்."

"துரு பிடிச்சிருக்கும்."

"துரு இல்லண்ணே," என்றார். "வெளிப்பக்கமா நைலான் கயிறு. இறுக்கமா மூணு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டிருந்தது."

குன் சோற்றுப் பாத்திரத்தோடு திரும்பி வந்தான். எனக்கும் போட்டான், அவருக்கும் போட்டான். என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டான்.

கடலில் இப்போது அலை எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்றேன்.